பன்னிரண்டு பேருக்கு உலை

என்ன மக்களே, செமஸ்டர் முடிஞ்சுதா? அரியர் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம். இந்த வாரம் ஊர் சுத்தப் போற கதை.

போன வாரம் சாயந்திரம் பாரதி பூங்காவுல உக்காந்திருந்தேன். வேர்க்கடலைப் பொட்டலமும் நானுமா நிம்மதியா இருந்தோம். திடீர்னு ஒரு கோஷ்டி வந்து சூழ்ந்துக்கிச்சு. மொத்தம் பன்னிரண்டு டிக்கெட்டு. எட்டு பசங்க, நாலு பொண்ணுங்க. எல்லாம் ஒரே காலேஜ், கடைசி வருஷம். பேரெல்லாம் வேணாம், ஏரியா பேர்லயே கூப்பிடுறேன். அவங்களும் அப்படித்தான் கூப்பிட்டுக்கறாங்க. லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, வில்லியனூர், அரியாங்குப்பம்... வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்தா டவுன் பஸ் போர்டு மாதிரி இருக்கு!

“அண்ணா, திருவண்ணாமலைக்குப் போறோம். ஆசிரமத்துல மூணு நாள் தங்கறோம். பிளான் சொல்லுங்க”ன்னுச்சு லாஸ்பேட்டை.

அண்ணான்னு கூப்பிட்டதுல எனக்கு வேர்க்கடலை இன்னும் இனிச்சுது. உங்க சித்தப்பா வயசு எனக்கு.

“பௌர்ணமிக்குப் போறோம். ராத்திரி கிரிவலம், காலையில மலை உச்சி, மத்தியானம் தூக்கம், சாயந்திரம் போட்டோஷூட். ஸ்பீக்கர் வில்லியனூர் எடுத்துட்டு வர்றான்.”

“ஆசிரமத்துக்கு எழுதியாச்சா?”

“அதெல்லாம் போய்ப் பார்த்துக்கலாம்ணா. ஆசிரமம்தானே, ஃப்ரீதானே!”

இந்த ‘ஃப்ரீதானே’ என்கிற ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வாரப் பக்கம் முழுக்க.

நானும் ஒரு காலத்துல இதே வார்த்தையைச் சொன்னவன். 2006-ல நாங்களும் பன்னிரண்டு பேர்தான். காந்தி வீதி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர்ல காசு போட்டு, கீபோர்டைத் தட்டித் தடவி, திருவண்ணாமலையில் ஒரு ஆசிரமத்துக்கு மெயில் அனுப்பினோம். பன்னிரண்டு மாணவர்கள், வெள்ளி முதல் ஞாயிறு வரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவோம், பணிவுடன், இப்படிக்கு. நாலாம் நாள் பதில் வந்துச்சு. வாருங்கள், இடம் ஒதுக்கியிருக்கிறோம். அவ்வளவுதான். அட்வான்ஸ் இல்ல, ஐ.டி. ஜெராக்ஸ் இல்ல. எங்களுக்கு ஒரே குஷி!

அப்புறம் என்ன ஆச்சு? எல்லா டூருக்கும் ஆகறதுதான். ஒருத்தனுக்கு அத்தைப் பொண்ணு கல்யாணம். ஒருத்தனுக்கு அரியர் எக்ஸாம் தேதி மாறிடுச்சு. ரெண்டு பேருக்கு அந்த வெள்ளிக்கிழமை ரிலீஸான படத்துக்கு டிக்கெட் கிடைச்சிடுச்சு. ரெண்டு பேர் சண்டை போட்டுக்கிட்டு, “அவன் வந்தா நான் வரலை”ன்னு ரெண்டு பேருமே வரலை. மிச்சம் இருந்ததுல ரெண்டு பேருக்கு வீட்ல பர்மிஷன் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஸ்டாண்டுல நின்னது நாலே பேர். அதுவும் எட்டு மணி பஸ்ஸை விட்டுட்டு, பரோட்டா சாப்பிட்டு, பத்து மணிக்கு மேல ஏறினோம். செஞ்சியில இறங்கி கோட்டையை வேடிக்கை பார்த்தோம். போய்ச் சேரும்போது மணி மூணு.

ஆபீஸ்ல ஒரு பெரியவர். வெள்ளை வேட்டி, மூக்குக் கண்ணாடி, முன்னாடி ஒரு நீள நோட்டு.

“பன்னெண்டு பேர்னு எழுதியிருக்கே தம்பி?”

“மத்தவங்க வரலை சார்.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“இல்ல சார்... வரலை.”

அவர் திட்டலை. திட்டியிருந்தா நான் இந்நேரம் மறந்திருப்பேன். நோட்டைப் பார்த்தார். எங்க பேருக்குக் கீழே அதே தேதிக்கு வேற சில வரிகள். எல்லாத்துக்கும் எதிரே பென்சில்ல ‘இடமில்லை’. தலைகீழாப் படிச்சேன். சேலத்துலேர்ந்து ஒரு வாத்தியார் குடும்பம். ஒரு அம்மா, தனியாக, வயது 71. அதுக்கு மேல படிக்க முடியலை.

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே. மத்தியானம் பன்னெண்டு பேருக்கும் சேர்த்து உலை வெச்சுட்டாங்க”ன்னார். குரல்ல கோபமே இல்ல. சமையல்காரம்மாவுக்கு என்ன பதில் சொல்றதுன்னு யோசிக்கிற குரல்.

எங்கள்ல கொஞ்சம் தைரியமானவன் ஒருத்தன் பர்ஸை எடுத்தான். “சார், பன்னெண்டு பேருக்கும் நாங்களே குடுத்துடறோம்.”

“எதுக்கு? இங்கே வாடகையே கிடையாதே” என்றார் அவர். நிஜமாவே புரியாம கேட்டார்.

அங்கேதான் மாட்டிக்கிட்டோம். லாட்ஜுன்னா கேன்சலேஷன் சார்ஜைப் பிடிச்சுக்குவான், கணக்கு தீர்ந்துடும், நாமளும் ஓட்டலைத் திட்டிட்டு மறந்துடலாம். இங்கே தீர்க்கறதுக்குக் கணக்கே இல்ல. காசு வாங்காத இடத்துல நாம குடுக்கிற ஒரே வாடகை, வர்றோம்னு சொன்ன வார்த்தைதான். அதை எட்டு பேர் குடுக்கலை. நாலு பேர் லேட்டாக் குடுத்தோம். அந்த 71 வயசு அம்மா அப்புறம் எப்போ வந்தாங்க, வந்தாங்களான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

இந்தக் கதையைச் சொல்லி முடிச்சதும் கோஷ்டி கப்சிப். முத்தியால்பேட்டை மட்டும் மெதுவா, “அப்போ போக வேணாம்கறீங்களா?”ன்னான்.

யாருப்பா சொன்னது? போங்க. நம்ம ஊர்லேர்ந்து நூத்திச் சொச்சம் கிலோமீட்டர். திண்டிவனம், செஞ்சி வழியா மூணு மணி நேரம். நூத்துக்கணக்கான மைல் தாண்டி, கடல் தாண்டியெல்லாம் வந்து உக்கார்ற இடம் அது. நமக்கு டவுன் பஸ்ஸைவிடக் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். ஆனா எந்த இடத்துக்குப் போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ரமணாசிரமத்தையே எடுத்துப்போம். 1896 செப்டம்பர் 1-ம் தேதி பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் வீட்டுக்குச் சொல்லாம, மதுரையிலேர்ந்து ரயிலும் நடையுமா திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். உங்களைவிடச் சின்னப் பையன். அவர்தான் பின்னாடி ரமணர். கோயில்ல, தோப்புல எல்லாம் இருந்துட்டு, 1899-லேர்ந்து 1916 வரைக்கும் மலை மேல விருபாட்ச குகையில இருந்தார். தனியா இல்ல, கூட ஒரு கோஷ்டி! குரூப் ஸ்டேன்னா அதுதான் நிஜமான குரூப் ஸ்டே. கூட இருந்தவங்க ஊருக்குள்ளே இறங்கிப் பிச்சை எடுத்துட்டு வருவாங்க. வந்ததை எல்லாம் ஒண்ணா கலந்து சமமாப் பங்கு போட்டுச் சாப்பிடுவாங்க. கம்மியா வந்தா வெந்நீர் ஊத்திக் கஞ்சியாக் கரைச்சு, எல்லாருக்கும் ஒரே அளவு. பிச்சைக்குப் போறப்ப பாடிக்கிட்டுப் போக ஒரு பாட்டு வேணும்னு கூட இருந்தவங்க கேட்டதுலதான் ‘அட்சரமணமாலை’ பிறந்தது. இன்னிக்கும் கிரிவலப் பாதையில அதைக் கேட்கலாம். பன்னிரண்டு பேர் பசியைச் சமாளிக்கறதுல ஆரம்பிச்ச பாட்டு மாதிரி எனக்குத் தோணும். அப்படிச் சொன்னா பெரியவங்க கோவிச்சுக்குவாங்க, விடுங்க.

இன்னொரு கதை இருக்கு. இதுதான் நம்ம ‘ஃப்ரீதானே’வுக்குப் பதில். விருபாட்ச குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகை தீபத்துக்குக் கூட்டம் வர்றப்ப மடத்துக்காரங்க குகைக்கு வர்றவங்கள்ட்ட சில்லறைக் காசு வசூல் பண்ண ஆரம்பிச்சாங்க. சாமியாரைப் பார்க்கணும்னா காசு குடுக்கணும்! ரமணர் சண்டை போடலை, அறிக்கை விடலை. எழுந்து வெளியே வந்து ஒரு மரத்தடியில உக்காந்துட்டார். வசூல் எல்லையை அந்த மரத்தையும் சேர்த்துத் தள்ளிப் போட்டாங்க. அவர் இன்னும் தள்ளி வேற குகைக்கே போயிட்டார். குகை காலி, வசூலும் காலி. கடைசியில, இனிமே வாங்க மாட்டோம்னு சொல்லி அவரைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதின ரமணர் வாழ்க்கை வரலாற்றுல இது இருக்கு, லைப்ரரியில எடுத்துப் படிங்க. அங்கே இன்னிக்கும் தங்கறதுக்கு வாடகை கேக்காததுக்குப் பின்னாடி இப்படி ஒரு பழைய பிடிவாதம் இருக்கு மக்களே. அதனாலதான் ‘ஃப்ரீ’ங்கிற வார்த்தை எனக்குக் குத்துது. ஷாம்பூ பாட்டிலோட குடுக்கிற சீப்புதான் ஃப்ரீ. இது வேற.

1916-ல கொஞ்சம் மேலே கந்தாசிரமத்துக்குக் குடி போனாங்க. கந்தசாமிங்கிற பக்தர் சப்பாத்திக்கள்ளிப் புதரை வெட்டி, தரையைத் திருத்தி உண்டாக்கின இடம், அதான் அந்தப் பேரு. ரமணரோட அம்மா அழகம்மாள் வந்து சேர்ந்து சமைக்க ஆரம்பிச்சது அந்த வருஷத்துலதான். 1922 மே மாசம் அவங்க இறந்தாங்க. மலையடிவாரத்துல சமாதி வெச்சாங்க. அந்த வருஷக் கடைசியில ரமணரும் கீழே இறங்கி அங்கேயே தங்கிட்டார். அதைச் சுத்தி வளர்ந்ததுதான் இப்போ செங்கம் ரோட்டுல நாம பார்க்கிற ஆசிரமம். விடிகாலையில அவரே சமையல் கட்டுல உக்காந்து காய் நறுக்குவார். மத்தவங்களைவிட ஒரு கரண்டி அவருக்குக் கூடுதலா வெச்சாலும் விட மாட்டார். 1950 ஏப்ரல் 14-ம் தேதி ராத்திரி இறந்தார்.

நம்ம ஊருக்கு இதுல ஒரு தொடர்பு இருக்கு, சொல்லாம விட மனசில்லை. அந்த ராத்திரி ஆசிரமத்துல ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவோட இருந்தார். ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன், உலகத்துலயே பெரிய போட்டோகிராபர்கள்ல ஒருத்தர். ரமணர் உயிர் பிரிஞ்ச நேரம் வானத்துல ஒரு எரிநட்சத்திரம் மலைப் பக்கம் போனதைப் பார்த்ததா சொன்னவர். அதே மாசம் அவர் பாண்டிச்சேரிக்கு வந்து அரவிந்தரையும் அன்னையையும் படம் எடுத்தார். அந்த டிசம்பர் 5-ம் தேதி அரவிந்தரும் இறந்துட்டார். ஒரே வருஷம், ஒரே கேமரா, நாம இப்போ பஸ் ஏறப்போற அதே ரெண்டு ஊர். போட்டோஷூட்னு சொன்னீங்களே லாஸ்பேட்டை, அதுக்காகச் சொன்னேன்!

சரி, பிளானுக்கு வருவோம்.

முதல்ல தேதி. பௌர்ணமி வேண்டவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில லட்சக்கணக்குல ஜனம் நடக்கிற ராத்திரி அது. கிரிவலம்தான் வேணும்னா பௌர்ணமிக்குப் போய் ராத்திரியெல்லாம் நடந்துட்டு விடிகாலை பஸ்ல தூங்கிக்கிட்டே திரும்பிடுங்க, தங்கவே வேணாம். அமைதியாத் தங்கணும்னா வேற வாரம் போங்க. கார்த்திகை தீபம், டிசம்பர் - ஜனவரியில வர்ற ரமண ஜயந்தி, இந்த நாட்கள்ல ஊரே நிரம்பி வழியும். பனிக்காலம் முழுக்க வெளிநாட்டுக்காரங்க வேற. சனி ஞாயிறு வேலைக்குப் போறவங்களுக்கு அந்த ரெண்டு நாள்தான் இருக்கு. நமக்கு லீவு மாசம் முழுக்க இருக்கு, செவ்வாய்க்கிழமை போனா என்ன குறைஞ்சுடும்?

சித்திரை வெயில் பத்தி ஒரு வார்த்தை. கந்தாசிரமத்துக்கு ஏறுற கல் பாதை ரமணாசிரமத்துக்குப் பின்னாடியிலேர்ந்து தொடங்குது. முக்கால் மணி நேரம் நடை. காலையிலேயே ஏறி இறங்கிடணும். செருப்பில்லாம ஏறணும்னு ஆசைப்பட்டு பத்து மணிக்குக் கிளம்பினா இறங்கும்போது பரதநாட்டியம்தான். தண்ணி பாட்டிலை மலையில வீசிட்டு வந்தீங்கன்னா இந்தப் பக்கத்தை இனிமே படிக்காதீங்க.

மழைக்காலம்? அதையும் சொல்லணும். 2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம ஊர் பக்கத்துலதான் கரையைக் கடந்துச்சு. 24 மணி நேரத்துல 45 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நம்ம வீட்டுக் கட்டில் மிதந்தப்ப அந்த மழை அப்படியே மேற்கே நகர்ந்து திருவண்ணாமலையைப் பிடிச்சுது. டிசம்பர் 1-ம் தேதி மலையிலேர்ந்து பாறையும் மண்ணும் சரிஞ்சு அடிவாரத்துல வ.உ.சி. நகர்ல ஒரு வீட்டை மூடிடுச்சு. ஏழு பேர் போயிட்டாங்க. அஞ்சு பேர் குழந்தைங்க. அந்த வருஷ தீபத்துக்குப் பொதுமக்களை மலை ஏற விடலை. அதனால ‘காலையில மலை உச்சி’ங்கிற வரியைப் பிளான்லேர்ந்து அடிச்சிடுங்க. வனத்துறை விடாத இடத்துக்குக் ‘குறுக்கு வழி தெரியும்’னு எவனாவது கைடு சொன்னா, காசை வாங்கிக்கிட்டு அவன் கீழே இறங்கிடுவான், நீங்கதான் மேலே இருப்பீங்க.

அடுத்து, எழுதறது. மெயிலோ லெட்டரோ, நாலைஞ்சு வாரம் முன்னாடியே எழுதுங்க. எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, எந்தத் தேதி எத்தனை மணிக்கு வந்து எந்தத் தேதி கிளம்புவோம், என்ன படிக்கறோம், எதுக்காக வர்றோம். கடைசி வரிதான் கஷ்டம். ‘மன அமைதிக்காக’ன்னு எழுதினா பன்னிரண்டு பேருக்கும் மன அமைதியா இல்லாமப் போச்சுன்னு அங்கே சிரிப்பாங்க. முதல் தடவை போறவங்களுக்குப் பொதுவா மூணு நாள் வரைக்கும்தான் இடம் தருவாங்க. அதுக்கு மேல கேக்காதீங்க. இடம் இல்லைன்னு பதில் வந்தா ‘நாங்க பாண்டியிலேர்ந்து வர்றோம், அட்ஜஸ்ட் பண்ணுங்க’ன்னு திரும்ப எழுதாதீங்க. பக்கத்துலயே சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம் இருக்கு, கொஞ்சம் தள்ளி யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை உண்டு, கேட்டுக்கிட்டுப் போங்க. ஆனா நாலு இடத்துக்கும் ஒரே சமயத்துல எழுதி, நாலுலயும் இடம் வாங்கி வெச்சுக்கிட்டு கடைசி நாள்ல ‘எது பெஸ்ட்’னு பார்க்கற வேலை இருக்கே, அது கேம்பஸ் இன்டர்வியூவுக்குச் சரி. இங்கே சரிப்படாது.

அங்கே போனப்புறம் நாள் எப்படிப் போகும்? ரமணாசிரமத்துல காலை ஏழு மணிக்கு டிபன், பதினொன்றரைக்குச் சாப்பாடு, சாயந்திரம் டீ, ராத்திரி ஏழரைக்குச் சாப்பாடு. தரையில வரிசையா உக்காந்து, இலை போட்டுச் சாப்பிடணும். நடுவுல காலையும் சாயந்திரமும் வேதபாராயணம், ஹால்ல தியானம். மயில் கத்தும், குரங்கு பையைப் பிடுங்கும். லட்சுமின்னு ஒரு பசுமாட்டுக்கு அங்கே சமாதி இருக்கு, நாய்க்கும் மானுக்கும் காக்காய்க்கும்கூட இருக்கு. மத்த நேரத்துல? ஒண்ணும் இல்ல. நிஜமாவே ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாள் மத்தியானம் உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருக்கும். ரீல்ஸ் பார்த்தே பழகின கை சும்மா சும்மா பாக்கெட்டைத் தடவும். அந்த மத்தியானத்தைத் தாண்டறதுக்குத்தான் பிளான் வேணும், ஸ்பீக்கருக்கு இல்ல.

“ஸ்பீக்கர் சின்னதுதாண்ணா. சவுண்டு கம்மியா வெச்சுக்குவோம்”ன்னான் வில்லியனூர்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. “ஏன்டா, சனி ஞாயிறுல வெளியூர்க் கூட்டம் பீச் ரோட்டுல வந்து பாட்டில் உடைக்கிறான், நடுராத்திரி வொயிட் டவுன்ல ஹாரன் அடிக்கிறான்னு நீதானே போன மாசம் ஸ்டேட்டஸ் போட்டே?”

“அது வேறண்ணா, அவனுங்க டூரிஸ்ட்டு.”

“திருவண்ணாமலையில நீ யாரு?”

பதில் இல்ல. இந்தக் கேள்வியை நம்ம ஊர்ப் பசங்களைத்தான் கேக்க முடியும். அரவிந்தர் ஆசிரமத்துக்குள்ள சமாதிகிட்ட எப்படி இருக்கணும்னு நமக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும். அங்கே செல்போனை எடுத்த வெளியூர்க்காரரை முறைச்சிருக்கோம். ஆசிரமத்து கெஸ்ட் ஹவுஸ்ல ராத்திரி கேட்டைச் சாத்திட்டாங்கன்னு ரோட்டுல நின்னு கத்தற ஆளுங்களை வேடிக்கை பார்த்திருக்கோம். முந்நூறு நாள் நாம வீட்டுக்காரங்க. மூணு நாள் விருந்தாளியா இருக்கறதுல என்ன கஷ்டம்?

அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாம இருந்தது அரியாங்குப்பம். ஒல்லியா, துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கிட்டே இருந்த பொண்ணு. நான் சும்மா கேட்டேன், “இந்த ஐடியா முதல்ல யாரோடதும்மா?”

எல்லாரும் அவளைப் பார்த்தாங்க.

“நான்தாண்ணா சொன்னேன். எனக்கு ரெண்டு நாள் சும்மா உக்காரணும். அப்பா பிப்ரவரியில தவறிட்டாங்க. வீட்ல யாராச்சும் வந்துக்கிட்டே இருக்காங்க. தனியாப் போறேன்னா அம்மா விட மாட்டாங்க. ஃப்ரெண்ட்ஸோடன்னா விடுவாங்க. அதான்.”

கிளாஸ்ல மூணு வருஷமா பக்கத்து பெஞ்ச்ல உக்காந்திருந்த லாஸ்பேட்டைக்கு, அப்பா இறந்தது தெரியும். இந்த டூர் அதுக்காகன்னு தெரியாது. அவ ஒரு வரி சொல்லியிருக்கா, குரூப்ல அது ஒரே ராத்திரியில பௌர்ணமி, போட்டோஷூட், ஸ்பீக்கர்னு வளர்ந்துடுச்சு. அவளும் தடுக்கலை. பன்னிரண்டு பேர் சந்தோஷமா பேசறப்ப நடுவுல போய் ‘எனக்கு அழணும்’னு யார் சொல்லுவாங்க?

கொஞ்ச நேரம் யாரும் பேசலை. ஆயி மண்டபத்தைச் சுத்தி ரெண்டு குழந்தைங்க ஓடிப் பிடிச்சு விளையாடிட்டு இருந்துச்சு.

அப்புறம் நான் சொன்னேன். எல்லாரும் தனித்தனியா யோசிங்க. திருவண்ணாமலைக்குப் போகணுமா, இல்ல இந்த கேங்கோட எங்கேயாச்சும் போகணுமா? ரெண்டுமே தப்பில்ல. ரெண்டாவதுன்னா ஒருநாள் எல்லாரும் சேர்ந்து செஞ்சிக் கோட்டை ஏறுங்க, கத்துங்க, பாட்டுப் போடுங்க, ராஜகிரி அதையெல்லாம் தாங்கும். முதலாவதுன்னா பேரைக் குடுங்க. குடுத்தா போகணும்.

முதல்ல கையை இறக்கினது யார் தெரியுமா? வில்லியனூர். “எனக்கு ரெண்டாவதுதாண்ணா. பொய் சொல்லி வந்தா அங்கே அவளுக்குத் தொந்தரவாத்தான் இருப்பேன்”ன்னான். அவன் மேல இருந்த கோபமெல்லாம் எனக்குப் போயிடுச்சு. அப்புறம் நாலு பேர் ஒவ்வொருத்தரா விலகினாங்க. யாரும் யாரையும் கலாய்க்கலை.

மிச்சம் ஏழு பேர். நாலு பொண்ணுங்க, மூணு பசங்க. பசங்கள்ல ஒருத்தன் முத்தியால்பேட்டை. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவன். “எனக்கு அங்கே ஓ.கே.வாண்ணா?”ன்னு தயங்கினான். ஆசிரமத்துல யாரும் மதம் கேக்க மாட்டாங்க, ரமணர் இருந்தப்பவே ஆஸ்பர்ன் மாதிரி எத்தனையோ வெள்ளைக்காரங்க வந்து உக்காந்த இடம். நீ கும்பிடணும்னு கட்டாயம் இல்ல, மத்தவங்க கும்பிடறப்ப சிரிக்காம இருந்தா போதும்னேன். கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில போதி ஜென்டோன்னு ஒரு இடம் இருக்கு. ஆமா சாமின்னு ஒரு இயேசு சபைப் பாதிரியார் 1996-ல தொடங்கினது. பாதிரியார், சொல்லிக் குடுக்கிறது ஜென் தியானம்! அடுத்த லீவுக்கு அதை நீயே விசாரிடான்னேன். கண்ணு விரிஞ்சுது அவனுக்கு.

பொண்ணுங்களுக்கு வீட்டுப் பர்மிஷன். இதுல ஒரு ரகசியமும் இல்ல. ஆசிரமத்துலேர்ந்து பதில் வந்ததும் அதைப் பிரின்ட் எடுத்து அம்மா கையில குடுங்க. ஆபீஸ் நம்பரை அம்மாவே கூப்பிட்டுப் பேசட்டும். ராத்திரி எத்தனை மணிக்கு கேட் சாத்துவாங்கன்னு கேட்டு அதையும் சொல்லுங்க, எந்த அம்மாவும் அதைக் கேட்டுச் சந்தோஷப்படாம இருந்ததில்ல. ரமணர் காலத்துல பொண்ணுங்க இருட்டறதுக்குள்ள ஆசிரமத்தை விட்டு வெளியே போயிடணும், வெளியே வீடு பிடிச்சுத்தான் தங்குவாங்க. இப்போ அப்படி இல்ல. அறையை மட்டும் ஆண், பெண் தனித்தனியாக் கேட்டு எழுதுங்க, ஆபீஸ்ல போய் நின்னு முழிக்காதீங்க.

பணம்? பஸ்ஸுக்கும் டீக்கும் ஆளுக்கு இவ்வளவுன்னு இப்பவே ஒருத்தர்ட்ட சேர்த்துடுங்க. ஆசிரமத்துக்கு என்ன குடுக்கறதுங்கறதைப் பொதுவுல பேசாதீங்க. கிளம்பற அன்னிக்கு அவங்கவங்க தனித்தனியாப் போடட்டும். முடியாதவங்க போடாம வரட்டும், அதை யாரும் எண்ண வேணாம்.

அப்புறம் யாராவது கடைசி நேரத்துல வர முடியலைன்னா? முடியாமப் போகும்தான். ஜுரம் வரும், தாத்தா கீழே விழுவார். அதுக்குத்தான் லாஸ்பேட்டைக்கு ஒரு வேலை குடுத்தேன். அவன் விலகினவங்கள்ல ஒருத்தன், ஆனா கோஷ்டியிலயே அவன்தான் பொறுப்பு. கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடியும், முந்தின நாள் காலையிலயும் ஏழு பேருக்கும் போன் போடணும். ஆள் குறைஞ்சா அந்த நிமிஷமே ஆசிரமத்துக்குக் கூப்பிட்டுச் சொல்லணும். “நான் போகாத டூருக்கு நான் மேனேஜரா?”ன்னு அவன் முனகினான். ஆனா அப்பவே நோட்டை எடுத்துட்டான்.

மெயிலை அங்கேயே உக்காந்து எழுதினோம். லாஸ்பேட்டை போன்ல டைப் பண்ண, மத்தவங்க ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல, அரை மணி நேரம் ஆச்சு. ஏழு பேர், நாலு பெண்கள், மூணு ஆண்கள். செவ்வாய் காலை பத்தரை மணிக்குள் வந்து, வெள்ளி காலை டிபனுக்குப் பிறகு கிளம்புவோம். ‘எதற்காக’ங்கற இடத்துல எல்லாரும் நின்னுட்டாங்க. அரியாங்குப்பம்தான் போனை வாங்கி டைப் பண்ணினா. ‘எங்களில் ஒருவரின் தந்தை சமீபத்தில் காலமானார். சில நாள் அமைதியாக இருக்க விரும்புகிறோம். சமையலறையில் காய் நறுக்குவது போன்ற வேலை இருந்தால் செய்கிறோம்.’

“இடம் இல்லைன்னு பதில் வந்தா?”ன்னு முத்தியால்பேட்டை கேட்டான்.

“விடிகாலை முதல் பஸ் பிடிச்சாக் காலையிலயே அங்கே இருக்கலாம்”னா அரியாங்குப்பம். “சாயந்திரம் வரைக்கும் ஹால்ல உக்காந்துட்டு, ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம். உக்கார்றதுக்கு ரூம் எதுக்கு?”

லாஸ்பேட்டை ‘சென்ட்’டை அழுத்தினான். எல்லாரும் அந்தப் போனையே பார்த்துட்டு இருந்தாங்க, உடனே பதில் வந்துடப் போற மாதிரி. என் வேர்க்கடலைப் பொட்டலம் எப்பவோ காலி. யார் தின்னீங்கன்னு கேட்டா ஒருத்தரும் ஒத்துக்கலை.